பட்டன் தேய்மானத்துக்கு யார் பொறுப்பு?

வடுகபட்டி பூண்டு மண்டிக்குச் சரக்கு கொண்டுவரும் பிக்கப் வண்டியின் முன் டயரைக் குனிந்து பார்த்தால், அது எந்தப் பாதையில் ஓடிப் பிழைக்கிற வண்டி என்று ஓரளவு சொல்லிவிடலாம். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கமிருந்து மலைப்பூண்டு ஏற்றிக்கொண்டு, கொடைக்கானல் தாண்டி காட்ரோடு வரை வளைந்து வளைந்து இறங்கிய வண்டி என்றால் டயரின் ஓரப் பட்டன்கள் கரைந்து போயிருக்கும். நடுவில் மட்டும் கோடு தெரியும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்கின் சமதரையிலேயே வாழைத்தாரும் திராட்சையும் ஏற்றி ஓடுகிற வண்டியில் தேய்மானம் சீராக இருக்கும். இரண்டும் ஒரே கம்பெனி டயராக, ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதாகவே இருக்கட்டும். மலை வண்டியின் டயர்தான் முதலில் மொட்டையாகும்.

அப்போது ஓட்டுநர் டயர் கடைக்குப் போய், வாங்கும்போது வாரண்டி உண்டு என்று சொன்னீர்களே என்று கேட்பார். தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது என்பார் கடைக்காரர். வாரண்டி கார்டில் உள்ளபடி அவர் சொல்வது சரி. கார்டு அப்படி இருக்கலாமா என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் டயர் வாரண்டி என்பது பெரும்பாலும் உற்பத்திக் குறைக்கு மட்டும். பட்டன் தனியே உரிவது, உள்ளே கம்பி அடுக்கு பிரிவது, பக்கச் சுவர் புடைப்பது போன்றவை ஆலையிலேயே நேர்ந்த கோளாறு என்று கம்பெனி ஆய்வாளர் ஒப்புக்கொண்டால் மாற்று டயர் கிடைக்கும். அதுவும் சும்மா கிடைக்காது. எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவுக்குப் பணம் கட்ட வேண்டும். புதிதில் பட்டன் ஆழம் 9.6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் அனுமதிக்கும் கடைசி 1.6 போக, ஓட்டத்துக்கு உதவுவது 8. புகார் கொடுக்கும் நாளில் 5.6 மிச்சமிருந்தால் பாதி தேய்ந்தாயிற்று என்று கணக்கு. டயர் விலையில் பாதி வாடிக்கையாளர் தலையில். கல் குத்தியது, பள்ளத்தில் அடிபட்டது, காற்றுக் குறைவாக ஓட்டியது, அலைன்மென்ட் பார்க்காதது, அளவுக்கு மீறி ஏற்றியது என்று விலக்குகள் வேறு வரிசையாக நிற்கும். போடி முந்தலில் மலையேறத் தொடங்கும் எந்த ஜீப்புக்கும் இதில் ஏதாவது ஒன்று பொருந்திவிடும்.

டயர் வாங்குகிறவர் உண்மையில் காசு கொடுப்பது கிலோமீட்டருக்கு. அந்தக் கிலோமீட்டரைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் எழுத்தில் பொறுப்பேற்பதில்லை. விளம்பரத்தில் லட்சம் கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் வரும்; கூடவே ஒரு நட்சத்திரக் குறியும் வரும்.

அமெரிக்காவில் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே விற்கும் கார் டயரின் பக்கவாட்டில் தேய்மானத்துக்கு ஒரு மதிப்பெண் அச்சிட்டாக வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகரைச் சுற்றி 400 மைல் பொதுச் சாலையை இதற்கென்று குறித்து வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் கேட்கும் டயரையும் ஒப்பீட்டு டயரையும் அந்தப் பாதையில் மொத்தம் 7,200 மைல் சேர்த்து ஓட்டி, தேய்ந்த அளவைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். 100 பெற்ற டயரைவிட 200 பெற்றது அந்தச் சோதனைப் பாதையில் இரண்டு மடங்கு உழைக்கும். இது போக, பல கம்பெனிகள் மைல் கணக்கிலேயே உத்தரவாதம் தருகின்றன. கல், சேறு, தார் என எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன் (ஏ.டி.) டயர் என்றதும் உலகம் முழுக்க ஜீப் பிரியர்கள் சொல்லும் பெயர் பி.எஃப்.குட்ரிச், 1976 முதல் அந்த வகையை விற்கும் கம்பெனி அது. அதன் கே.ஓ.2 டயருக்கு அமெரிக்காவில் 50,000 மைல் உத்தரவாதம் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 80,000 கிலோமீட்டர்.

அங்கேயும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. இலகு லாரி வகையைச் சேர்ந்த கரடுமுரடான ஏ.டி. டயர்களுக்கு அந்த மதிப்பெண் விதி பொருந்தாது. மைல் உத்தரவாதம் கேட்டுப் போனால் டயர்களை முறையாக இடம் மாற்றிப் போட்டதற்கான ரசீது கேட்பார்கள். வாடகைக்கு ஓட்டிய வண்டி என்றால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். ஐரோப்பாவில் டயர் லேபிளில் எரிபொருள் சிக்கனம், ஈரப்பிடிப்பு, சத்தம் ஆகிய மூன்றும் உண்டு, உழைக்கும் தூரம் இல்லை. 2024-ல் நிறைவேறிய யூரோ 7 சட்டம்தான் டயர் எவ்வளவு துகள் உதிர்க்கலாம் என்பதற்கு முதல்முறையாக வரம்பு கொண்டுவருகிறது. காற்று மாசுக்காக வந்த விதி அது. ஆனால் தேய்மானத்தை அளந்து சொல்லவே முடியாது என்ற வாதம் அதோடு அடிபட்டுப் போகிறது.

இந்தியா இதில் ஒன்றும் தெரியாத நாடு இல்லை. டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2009-லேயே வந்தது. உருளும் எதிர்ப்பு, ஈரப்பிடிப்பு, சத்தம் ஆகியவற்றுக்கு 2022-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தரம் நிர்ணயித்தது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் சோதனைத் தடங்களோடு இருக்கிறது. தேய்மானத்தையும் அளந்து டயர் மேல் அச்சிடச் சொல்வதற்கு இனி என்ன தடை? சோதனைப் பாதையை மட்டும் நெடுஞ்சாலையோடு முடித்துவிடக் கூடாது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் அதில் சேர்த்தால் எண் நேர்மையானதாக இருக்கும்.

அந்த எண் வரும்வரை ஓட்டுநருக்குத் துணை, டயரிலேயே இருக்கும் அடையாளம்தான். மத்திய மோட்டார் வாகன விதி 94-ன்படி கார், ஜீப், லாரி டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் 1.6-ஐ நம்பி வண்டி ஓட்டுவது ஆபத்து. தேனி மாவட்டம் மழை மறைவுப் பகுதி. ஜூன், ஜூலையில் விடியற்காலை போடியிலோ கம்பத்திலோ தோட்ட வேலையாட்களை ஏற்றிக் கிளம்பும்போது சாலை காய்ந்து கிடக்கும். போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ தாண்டியதும் சாந்தன்பாறை, வண்டன்மேடு பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். காலையில் கீழே நன்றாகப் பிடித்த டயர், ஒரு மணி நேரம் கழித்து மேலே தண்ணீரை ஒதுக்கித் தள்ள முடியாமல் வழுக்கும். பட்டன் பள்ளங்களின் வேலையே அந்தத் தண்ணீரை வெளியேற்றுவது. ஏலத்தோட்டத்துச் சேற்றில் பிடிப்பு போவதோ அதற்கும் வெகு முன்னாலேயே நடந்துவிடும். மழைக்காலத்துக்கு மலைப்பாதை ஜீப்பில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போக விடாதிருப்பது நல்லது.

இனி ஆல் டெரெய்ன் விஷயம். 2020 அக்டோபர் 2-ம் தேதி புதிய மஹிந்திரா தார் வந்ததிலிருந்து தடித்த கட்டைப் பட்டன் டயர் மீது இளைஞர்களுக்கு ஒரு மோகம் பிடித்துவிட்டது. ஹைவேவிஸ் மேகமலைக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுக்க ஏ.டி. டயர் வேண்டியதில்லை, பூக்களின் பெயர் சூட்டிய 18 வளைவுகளும் தார்ச் சாலைதான். 2023-ல் வந்த மாருதி ஜிம்னி நான்கு சக்கர இழுவை வண்டியாக இருந்தும், கம்பெனியிலிருந்து நெடுஞ்சாலை வகை டயரோடுதான் வந்தது. பெரும்பாலான வாடிக்கையாளர்கள் எங்கே ஓட்டுவார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும். கட்டைப் பட்டன் தார் ரோட்டில் நெளியும், இரையும், டீசல் குடிக்கும். நெளிகிற பட்டன் சீரற்றுத் தேயவும் செய்யும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு நெடுஞ்சாலை டயரே போதும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த டயர் நிஜமாகவே தேவைப்படும் வண்டிகளில் அது இல்லை. அகமலைக்கும் கொட்டகுடிக்கும் ஏலத்தோட்டங்களுக்கும் கல்லும் சேறுமாக ஏறுகிற பழைய ஜீப்புகள் இன்னும் நைலான் டயரிலோ, ரீட்ரெடிங் செய்த டயரிலோ காலம் தள்ளுகின்றன. காரணம் விலை. ரீட்ரெடிங்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எம்.ஆர்.எஃப். நிறுவனமே 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1952-ல் ரீட்ரெடிங்குக்கான ரப்பருக்கு வந்து, அதற்கப்புறம்தான் டயருக்குப் போனது. நல்ல அடிப்பாகம் உள்ள டயரில், முறையாகச் செய்தால் அது உழைக்கும். மலையிறக்கத்தில் முன் சக்கரத்துக்கு மட்டும் போடாமல் இருப்பது உயிருக்கு நல்லது.

மாற்று டயர் வாங்கும்போது பட்டனின் தோற்றத்துக்கு முன்னால் பக்கவாட்டு எழுத்தைப் படிக்க வேண்டும். அளவுக்குப் பின்னால் வரும் எண் ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிப்பது. 100 என்றால் 800 கிலோ, 91 என்றால் 615 கிலோதான். விலை குறைகிறதே என்று தாங்குதிறன் குறைந்ததைப் போட்டு, அதில் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றினால் டயரின் ஓரத் தோள்பட்டை கரைவதோடு நிற்காது, டயர் சூடேறி வெடிக்கும். வாரண்டியும் அங்கேயே செத்தது. இந்த ஒரு விஷயத்தில் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. அடுத்து, நான்கு இலக்கத் தேதி: 2324 என்று இருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கடை மூலையில் மூன்று வருடம் கிடந்த டயரைத் தள்ளுபடியில் வாங்குகிறவர், ரப்பர் இறுகிப்போனதையும் சேர்த்தே வாங்குகிறார். இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதியதைப் பின்னால் போட வேண்டும். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கி வண்டி சுழல்வதைத் தடுக்க அதுதான் வழி. நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டும் ஜீப்பில் நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கியர் பெட்டி செலவு வைக்கும்.

குறையுள்ள டயரைக் கம்பெனி மறுத்தால் வாடகை ஜீப் ஓட்டுநர்கள் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கு போட முடியாது என்று யாரோ சொன்னதை நம்பிவிடுகிறார்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தன் பிழைப்புக்காகச் சுயதொழிலில் தானே பயன்படுத்தும் பொருளை வாங்கியவரும் அதில் நுகர்வோர்தான். சொந்த ஜீப்பைத் தானே ஓட்டுகிறவருக்கு இது பொருந்தும். ஆள் வைத்துப் பத்து வண்டி ஓட்டும் முதலாளிக்குப் பொருந்தாது. டயர் வாங்கும் அன்றே ரசீதில் அதன் வரிசை எண்ணையும் வண்டி ஓடிய கிலோமீட்டரையும் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பை வாய்வார்த்தையாக ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் தமிழிலும் பேசும். அதிலும் தீராவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனு போடக் கட்டணம் கிடையாது.