மலையில் வைத்த தகடுகள்

விண்வெளியிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்கள், காற்று மண்டலத்தின் அணுக்கருக்களோடு மோதிச் சிதறிவிடுகின்றன. தரையில் நிற்கும் நமக்கு வந்து சேர்வது அம்மோதல்களின் எச்சம் மட்டுமே. ஆகவே இத்துறையினர் மலையேற வேண்டியிருந்தது. லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இன்று காமாக் கதிர்களைத் தேடும் 21 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிற்பதும் இதே காரணத்தால்தான்.

1930களில் இத்தகைய பெருங்கருவிகள் இல்லை. புகைப்படத் தகடுகள் இருந்தன. மின்னேற்றமுள்ள துகள் ஒன்று தகட்டின் வெள்ளி உப்புப் பூச்சை ஊடுருவினால், கழுவிய பின் அதன் தடம் கரும்புள்ளிகளின் வரிசையாகத் தெரியும். மாதக்கணக்கில் மலையில் வைத்திருந்து, பிறகு நுண்ணோக்கியில் ஒவ்வொரு புள்ளியாக எண்ண வேண்டும். 1937இல் ஆஸ்திரியாவின் ஹாஃபெலேகார் மலையில் வைத்த தகடுகளில், காஸ்மிக் கதிர் மோதி அணுக்கரு சிதறிய நட்சத்திர வடிவத் தடங்களை மரியெட்டா பிளாவும் ஹெர்த்தா வாம்பாக்கரும் கண்டனர். யூதரான பிளா அடுத்த ஆண்டே நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் கல்கத்தாவில், போஸ் ஆய்வு நிறுவனத்தின் தேவேந்திர மோகன் போஸும் அவருடைய மாணவி பிபா சௌதுரியும் இவ்வழியில் இறங்கினர். டார்ஜிலிங்கிலும், சுமார் 3,600 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவிலும் தகடுகளை வைத்தனர். புள்ளிகளின் இடைவெளியையும் தடம் வளையும் விதத்தையும் அளந்து, எலெக்ட்ரானைப்போல ஏறக்குறைய இருநூறு மடங்கு நிறையுள்ள துகள்களின் தடங்களைக் கண்டனர். 1940களின் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் கட்டுரைகள் வெளிவந்தன.

அதற்குமேல் செல்ல முடியவில்லை. உலகப்போர் காரணமாக உயர்தரத் தகடுகள் கிடைக்கவில்லை. கையிலிருந்தவற்றைக் கொண்டு ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறையுள்ள இரு துகள்களைப் பிரித்தறிய இயலாது. 1947இல் பிரிஸ்டலில் செசில் பவலின் குழு, வெள்ளி உப்பு செறிந்த புதிய தகடுகளைப் பிரான்சின் பிக் து மிதியிலும் பொலிவியாவின் சகல்தாயாவிலும் வைத்து, பையான் மியூவானாகச் சிதைவதைக் காட்டியது. 1950இல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிபா சௌதுரியைப் பற்றி இப்போது எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'பறிக்கப்பட்ட நோபல்' என்றே தொடங்குகிறார்கள். நமக்கு இதில் உடன்பாடில்லை. பவலின் குழு கண்டது அவர்கள் காணாத ஒன்று. போஸும் சௌதுரியும் முன்னரே இம்முறையைச் சுட்டிக்காட்டியதைப் பவல் தம் நூலில் குறிப்பிட்டும் இருக்கிறார். திருட்டுக் கதை நம் மனத்துக்கு இதமானது. குற்றவாளியைக் கடல்கடந்து நிறுத்திவிடலாம்.

நம் பக்கத்துக் கணக்கு அவ்வளவு இதமானதல்ல. மான்செஸ்டரில் பிளாக்கெட்டின் ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்து, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பெண் ஆய்வாளராகி, 1991இல் இறக்கும்வரை அறிவியலை விடாதவர் அவர். நாட்டின் மூன்று பெரிய அறிவியல் அகாதெமிகளில் ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. அதற்கு உலகப்போரைக் காரணம் சொல்ல முடியாது. 2019இல் விண்மீன் ஒன்றுக்கு 'பிபா' என்று பெயர் சூட்டப்பட்டது. இறந்து 28 ஆண்டுகள் கழித்து.

இலக்கியத்திலும் நாம் இதையே செய்கிறோம். வாழும்போது படிக்காத எழுத்தாளரை, மறைந்தபின் புறக்கணிக்கப்பட்டவர் என்று கொண்டாடுகிறோம். அப்போதும் அவர் எழுத்தைப் படிப்பதில்லை. புறக்கணிப்பின் கதையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அதுவும் இன்னொரு வகைப் புறக்கணிப்பே.

பிபா சௌதுரிக்கு நாம் செய்யக்கூடியது, கிடைக்காத பரிசுக்காக வருந்துவதல்ல. மங்கலான தகட்டில் புள்ளிகளுக்கிடையே எதை அளந்தார், எதுவரை சென்றார், எங்கே நின்றார் என்பதைத் தமிழில் பிழையின்றி எழுதிவைப்பது. தகட்டில் தெரிந்ததற்கு மேல் எதையும் அவர் சொல்லவில்லை. அவரைப் பற்றி எழுதும் நாமும் அந்த நேர்மைக்குக் கட்டுப்பட்டவர்கள்.