வராத விருந்தாளிக்கு ஒரு சிம்மாசனம்

விருந்தாளி உட்காருவதற்காக வீட்டிலிருப்பவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். நம் நடுத்தரக் குடும்பங்கள் மேஜை நாற்காலி வாங்குகிற லட்சணத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கோபம் வருகிறவர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் கோபித்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்குக் கோவிலம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கம் போகிற சாலையில், ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இன்று அடுக்கு மாடிகள் நிறைந்திருக்கின்றன. சம்பளத்தில் பாதியை வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு 800, 900 சதுர அடியில் குடியேறியவர்கள் அங்கே அநேகம். அப்படிப்பட்ட வீட்டில் கூடம் என்பது 15 அடிக்கு 10 அடி. மொத்தம் 150 சதுர அடி.

கிரகப்பிரவேசம் முடிந்த மறு வாரமே அங்கே ஒரு ஸோபா செட் வந்து இறங்குகிறது. மூன்று பேர் உட்காருகிற நீள ஸோபா ஒன்று, ஒற்றை ஸோபா இரண்டு, நடுவில் கண்ணாடி போட்ட டீப்பாய். நீளமானது ஆறரை அடிக்கு மூன்றடி, ஒற்றை ஒவ்வொன்றும் மூன்றுக்கு மூன்று, டீப்பாய் நாலுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். 45 சதுர அடிக்கு மேல் வருகிறது. கூடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று! அடி அடியாக விலை கொடுத்து வாங்கிய இடம். இருபது வருஷம் தவணை கட்டப் போகிறவர்கள் நாம், குடியிருப்பது ஸோபா.

அதில் யார் உட்காருகிறார்கள்? கதை எழுதுகிறவனுக்குப் பிறர் வீட்டு நாற்காலிகளைக் கவனிக்கிற துர்க்குணம் உண்டு. நான் கவனித்தவரையில், பகலில் அதன்மேல் மடிக்காத துணி கிடக்கிறது. மாலையில் குழந்தைகளின் புத்தகப் பை கிடக்கிறது. இரவில் குடும்பம் முழுவதும் தரையில் உட்கார்ந்து, ஸோபாவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கிறது! சாய்ந்துகொள்வதற்குச் சுவர் போதாதா? அதற்கு அறுபதாயிரம் ரூபாய் வேண்டுமா?

அதே வீட்டின் சமையலறைக்கு வாருங்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் அங்கே ஒரு பெண் நின்றுகொண்டே இருக்கிறாள். கீரை ஆய்வதற்கும் வெங்காயம் உரிப்பதற்கும் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் உட்கார ஒரு முக்காலி கிடையாது. எட்டாவது படிக்கிற பையன், ரசம் சிந்திய சாப்பாட்டு மேஜையில் ஒரு மூலையைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறான். தட்டு வந்தால் நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். பாட்டி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற விருந்தாளிக்கு மட்டும் சிம்மாசனம் தயாராக இருக்கிறது. அவரும் "பரவாயில்லை, அவசரமாகப் போக வேண்டும்" என்று அதன் நுனியில்தான் உட்காருகிறார்!

ஏன் இப்படி வாங்குகிறோம்? பிறர் கண்ணால் பார்த்து வாங்குகிறோம், அதுதான் காரணம். சீர்வரிசையைப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் ஊரறியக் கட்டிலையும் பீரோவையும் நிறுத்தி வைக்கிறோம். ஆறடி அகலத்தில் தலைமாட்டுச் செதுக்கலோடு கட்டில். அதைப் போடப் போகிற அறையோ பத்துக்குப் பத்து. கட்டில் உள்ளே போனபின் பீரோக் கதவு பாதிதான் திறக்கிறது. புது மணமக்கள் நண்டு போலப் பக்கவாட்டில் நடக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் அந்தக் கட்டிலுக்கு வாங்கிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் வட்டியில்லாத் தவணை என்று சொல்லியிருப்பார். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லியாயிற்று. வட்டி விலைக்குள்ளோ, நமக்குக் கிடைக்காமல் போன தள்ளுபடிக்குள்ளோ ஒளிந்துகொண்டிருக்கும்.

சரி, இவ்வளவு கொடுத்து வாங்கியது நிலைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. கடலுக்கும் சதுப்பு நிலத்துக்கும் பக்கத்தில் வாழ்கிறோம். காற்றில் எப்போதும் ஈரம். தோல் மாதிரி பளபளக்கும் ஸோபா உறை தோல் அல்ல. துணிமேல் பூசிய செயற்கைப் பூச்சு. புழுக்கத்தில் நாலைந்து வருஷத்தில் செதில் செதிலாக உரிந்துவிடும். புது அலமாரிகளில் பாதி மரமும் அல்ல. மரச்சில்லையும் தூளையும் பசையில் குழைத்து அழுத்திய பலகை. தேக்கு ரேகை என்று நாம் தடவிப் பார்த்து மகிழ்வது அச்சடித்த காகிதம்! அந்தப் பலகையின் விளிம்பில் தண்ணீர் புகுந்தால் ஊறிப் பருத்துவிடும். எத்தனை வெயிலில் வைத்தாலும் பழைய உருவம் திரும்பாது.

தண்ணீர் எங்கே புகப் போகிறது என்று கோவிலம்பாக்கத்தில் இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு. அதுவும் நிரம்பினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. மழைநீர் காலங்காலமாகப் போய்வந்த இந்தத் தடத்தின் ஓரத்தில்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னைப் புறநகர்களில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்தபின் தெருவோரங்களில் குவிந்தவை பஞ்சு ஸோபாக்களும், ஊறிய மெத்தைகளும், வயிறு வீங்கிய அலமாரிகளும். இரும்புக் கட்டிலைக் கழுவித் துடைத்துப் போட்டார்கள். நல்ல மரப் பெஞ்சு நிழலில் காய்ந்து பிழைத்தது. சுருட்டிப் பரண்மேல் போட்டிருந்த பாய்க்கோ ஒன்றுமே ஆகவில்லை. எந்தச் சாமான் நம் ஊருக்கு ஏற்றது என்பதற்கு இதைவிட நல்ல பரீட்சை உண்டா?

நான் சொல்வதைக் கேட்டுச் சிலர், "நாற்காலி அந்நியம், பாய்தான் நம் பண்பாடு" என்று மேடை போட்டுவிடுவார்கள். அது என் கட்சி அல்ல. மேஜை, அலமாரி, ஜன்னல், சாவி ஆகிய சொற்கள் போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்தவை. அந்தச் சாமான்கள் பயன்பட்டன, ஆகவே தங்கிவிட்டன. எங்கிருந்து வந்தது என்பது கேள்வி அல்ல. யாருக்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி. பழைய முறை ஜப்பானிய வீட்டில் பாய் விரித்த ஓர் அறையே பகலில் கூடம், இரவில் படுக்கையறை. படுக்கையைக் காலையில் மடித்துச் சுவரலமாரியில் வைத்துவிடுவார்கள். அவர்களை ஏழைகள் என்று யாரும் சொல்வதில்லை; ரசனை மிக்கவர்கள் என்கிறோம். அதையே நம் பாட்டி செய்தால் மட்டும் வசதியில்லாத குடும்பம்!

முழங்கால் வலிக்காரர்கள் தரையில் எப்படி உட்காருவது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அவர்களுக்கு முதல் எதிரி அமிழ்ந்து போகிற ஸோபாதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். முதியவர்களுக்கு வேண்டியது 17, 18 அங்குல உயரத்தில், பாதம் தரையில் பதிகிற, ஊன்றி எழக் கைப்பிடி உள்ள நேர் முதுகு நாற்காலி. கூடத்தில் முதல் ஆசனம் அதுவாக இருக்கட்டும்.

பிறகு ஒரு சுவரோரம் நல்ல மரப் பெஞ்சு. இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் பழைய தேக்கு அகப்படும். தச்சரைக் கூப்பிட்டு உங்கள் சுவரை அளந்து செய்யச் சொல்லுங்கள். கீழே துடைப்பம் தாராளமாகப் போய்வர இடம் இருக்கட்டும். தினமும் குனிந்து பெருக்குகிறவளின் முதுகையும் நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் நாலு பேர் உட்காரலாம். இரவில் ஒருவர் படுக்கலாம். நடுவில் பவானி ஜமக்காளம் ஒன்று. அந்தப் பட்டைக் கோடுகளின் நிறத்துக்கு முன் எந்தக் கடை ஸோபா நிற்கும்? தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்த பத்தமடைப் பாயைத் தொட்டுப் பார்த்தவர்கள் பாய் என்றால் ஏழ்மை என்று சொல்லமாட்டார்கள். இரண்டுக்கும் அரசாங்கம் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது. சான்றிதழால் நெசவாளியின் அடுப்பு எரியாது. நாம் வாங்கினால்தான் எரியும்.

இத்தனைக்கும் பிறகு கூடத்தில் வெறும் தரை நிறைய மிச்சம் இருக்கும். இருக்கட்டுமே! வெளிச்சம் விழுகிற வெறும் தரையைவிட அழகான அலங்காரம் சின்ன வீட்டுக்கு இல்லை. குழந்தை தவழ, கோலம் போட, நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து பேச அதுதான் இடம்.

அடுத்த தடவை கடைக்குப் போகுமுன், வீட்டிலிருப்பவர்களின் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டி எங்கே உட்காருவாள், பையன் எங்கே படிப்பான், அவன் தாயார் கீரையை எங்கே ஆய்வாள் என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் விடை எழுதுங்கள். முக்காலியில் தொடங்குங்கள், அதுதான் மலிவு, அதுதான் அவசரம். பட்டியல் தீர்ந்தபின் பணம் மிச்சமிருந்தால் விருந்தாளியைப் பற்றி யோசிக்கலாம். அதற்குள் அவர் வந்துவிட்டால் ஜமக்காளத்தை உதறிப் போடுங்கள். அதில் உட்காரக் கூசுகிறவராக இருந்தால், நல்ல காபியாகக் கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.