சிட்டியா? பட்சிராஜனா?

விஞ்ஞானக் கற்பனைப் படங்கள் வரிசை வரிசையாக வெளிவரும் நாடுகளில் ரசிகர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. "இந்த வரிசையில் எந்தப் படம் உயர்ந்தது?" என்பதே அந்த வழக்கு. அமெரிக்காவில் 1977-ல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்' வரிசைக்கும், 1984-ல் தொடங்கிய 'டெர்மினேட்டர்' வரிசைக்கும் இன்றுவரை கட்சி கட்டிக்கொண்டு வாதாடுவோர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அத்தகைய வழக்குக்குப் பெரிய அளவில் இடம் தந்தது, டைரக்டர் ஷங்கரின் யந்திர மனிதன் வரிசை. 2010-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி வெளிவந்த 'எந்திரன்' ஒன்று. 2018-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி வெளிவந்த '2.0' மற்றொன்று.

படங்கள் இரண்டே இரண்டுதான். ஆனால் இவற்றில் எது மேல் என்ற கேள்விக்குள், இன்று உலகைக் கலக்கிக்கொண்டிருக்கும் இரண்டு பெரிய கேள்விகள் அடங்கிக் கிடக்கின்றன. யந்திரத்துக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம் என்பது முதல் கேள்வி. மனிதனின் வசதிக்காக மற்ற உயிர்கள் எவ்வளவு விலை கொடுப்பது என்பது இரண்டாவது கேள்வி.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பள்ளிக்கரணை வட்டாரத்து மக்களுக்கு இந்த வழக்கில் தனிப்பட்ட பாத்தியதையும் உண்டு. முதல் படத்தின் வசனகர்த்தா குரோம்பேட்டையில் படித்தவர். இரண்டாவது படம் யாருக்காகக் கண்ணீர் விட்டதோ அந்தப் பறவைகள் வந்து இறங்குவது பள்ளிக்கரணையில். அந்தப் படம் எதை அரக்கனாகக் காட்டியதோ அந்தச் செல்போன் தயாராவது பக்கத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூரில்!

குரோம்பேட்டையில் விழுந்த விதை

தமிழ்ப் படவுலகுக்கு விஞ்ஞானக் கற்பனை புதிதல்ல. 1963-லேயே எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்துவிட்டது. வேற்றுக் கிரகவாசிகள் பூமிக்கு வந்து ஒரு பாடகியைக் கொண்டுபோகும் கதை அது. ஆனால் அதை யாரும் தொடரவில்லை. விஞ்ஞானத்தைத் தமிழ் வாசகர்களின் வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தவர்களில் முக்கியமானவர் சுஜாதா என்ற ரங்கராஜன்.

1949-ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆப் டெக்னாலஜியில் மின்னணுவியல் படித்தவர் அவர். ஜனாதிபதியாக இருந்த அப்துல் கலாம் படித்ததும் அங்கேதான். பின்னர் சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு ஓட்டுப்பதிவு யந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டார். யந்திர நாய் ஒன்றை வைத்து 'என் இனிய இயந்திரா' எழுதினார். 'எந்திரன்' படத்துக்கு வசனம் எழுதியவர்களிலும் அவரே முதல்வர். படம் திரைக்கு வருமுன், 2008 பிப்ரவரியில் அவர் காலமானார். ஷங்கரும் மதன் கார்க்கியும் மீதி வேலையை முடித்தார்கள்.

யந்திரம் செய்யத் தெரிந்தவர் யந்திரத்தைப் பற்றி எழுதியதால், அந்தப் படத்தின் ஆட்ட பாட்டங்களுக்கு நடுவே கெட்டியான கேள்வி ஒன்று அகப்படுகிறது.

கத்தி யார் கையில்?

கதை எல்லோருக்கும் தெரிந்ததே. வசீகரன் என்ற விஞ்ஞானி பத்து ஆண்டு பாடுபட்டுச் 'சிட்டி' என்ற யந்திர மனிதனைச் செய்கிறார். ராணுவத்துக்குக் கொடுப்பது அவர் எண்ணம். பரீட்சை செய்ய வந்த போரா என்ற பெரிய விஞ்ஞானி, சிட்டியிடம் கத்தியைக் கொடுத்து வசீகரனையே குத்தச் சொல்கிறார். சிட்டி தயங்காமல் கத்தியை ஓங்குகிறான். சொன்னவர் யார், குத்துப்படுபவர் யார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. கட்டளை வந்தது, கை எழுந்தது. அவ்வளவுதான்.

அடுத்த காட்சி அதைவிடக் கூர்மையானது. தீப்பிடித்த கட்டிடத்திலிருந்து சிட்டி பலரைக் காப்பாற்றுகிறான். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஊர் நடுவே நிறுத்துகிறான். மானம் போன அதிர்ச்சியில் அவள் ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காப்பாற்று என்பது உத்தரவு. உயிரைவிட மானம் பெரிது என்று நினைப்பவர்கள் உண்டு என்பது உத்தரவில் இல்லை.

2010-ல் இதைப் பார்த்தவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இன்று அப்படிப் போக முடியாது. 2022 நவம்பரில் 'சாட் ஜி.பி.டி.' வெளிவந்தபின், கேட்டால் பதில் சொல்லும் யந்திரம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வந்துவிட்டது. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜெப்ரி ஹின்டன் 2023-ல் கூகுள் நிறுவனத்தை விட்டு விலகி, இதன் அபாயங்களைப் பற்றி எச்சரிக்கத் தொடங்கினார். 2024-ல் அவருக்கே பௌதிகத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது. செய்தவரே எச்சரிக்கிறார் என்றால், வசீகரன் கதை வெறும் கதையாக இல்லை.

ராணுவக் காட்சியும் அப்படியே. மனிதன் குறுக்கிடாமல் தானே குறி பார்த்துத் தானே சுடும் ஆயுதங்களைப் பற்றி ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 2023 டிசம்பரில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஜெனீவாவில் நடந்துவரும் பேச்சுவார்த்தையே இதற்கு உரிய இடம் என்பது இந்தியாவின் வாதம். அந்த வாதம் சரியா தவறா என்பதை வல்லுநர்கள் ஆராயட்டும். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே பயிற்சி தரும் விமானப்படைப் பள்ளி தாம்பரத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்துமுன் ஒரு மனிதன் ஒரு கணம் யோசிக்கிறான் என்ற நம்பிக்கையே அத்தகைய பயிற்சிக்கெல்லாம் அடிப்படை. அந்த ஒரு கணத்தை யந்திரத்துக்குத் தாரை வார்க்கலாமா? இதுதான் 'எந்திரன்' எழுப்பிய கேள்வி.

பறவை மனிதனின் புகார்

இனி '2.0' கட்சியின் வாதத்துக்கு வருவோம். முப்பரிமாணக் காமிராவிலேயே படம் பிடித்து, 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டதாகச் சொல்லப்பட்ட படம் அது. குழந்தைகளைக் கேட்டால் அவர்கள் ஓட்டு இதற்குத்தான். ஊரிலுள்ள செல்போன்கள் எல்லாம் கையை விட்டுப் பறந்து, ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாகும் காட்சியை எந்தக் குழந்தைதான் மறக்கும்?

ஆனால் அந்தக் கட்சியின் உண்மையான பலம் வேடிக்கைக் காட்சிகளில் இல்லை. அக்ஷய் குமார் ஏற்ற பட்சிராஜன் வேடத்தில் இருக்கிறது. பறவை நிபுணர் சலீம் அலியை நினைவூட்டும் அந்தக் கிழவர், செல்போன் கோபுரங்களால் பறவைகள் சாகின்றன என்று படி ஏறாத வாசல் இல்லை. ஒருவரும் செவி சாய்க்கவில்லை. கடைசியில் கோபுரத்திலேயே தூக்கில் தொங்குகிறார். பேயாகத் திரும்பி வந்து பழி வாங்குகிறார். வில்லன் என்று பெயர். ஆனால் கொட்டகையில் பாதிப் பேரின் இரக்கம் அவர் பக்கம். படத்தின் முடிவில் வசீகரனே அமைச்சரிடம், அந்த மனிதர் சொன்னதில் நியாயம் உண்டு என்கிறார்.

படம் வெளிவரு முன்பே, செல்போன் கம்பெனிகளின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் புகார் கொடுத்தது. ஆதாரமில்லாமல் மக்களைப் பயமுறுத்துகிறார்கள் என்பது புகாரின் சாரம். கம்பெனிக்காரர்கள் தங்கள் லாபத்துக்காகப் பேசுகிறார்கள் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பறவைகளையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

கோபுரமா, குப்பையா?

2020 பிப்ரவரியில் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வந்தது. நாடெங்கும் பறவைப் பிரியர்கள் குறித்துவைத்த கணக்குகளிலிருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் பல கூடித் தயாரித்தது அது. சிட்டுக்குருவியின் தொகை நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் கால் நூற்றாண்டாக ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்று அது சொன்னது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைந்து வருகிறது என்றும் சொன்னது. செல்போன் கோபுரமே காரணம் என்பதற்குத் தக்க சான்று அந்த அறிஞர்களுக்கு அகப்படவில்லை. குருவிக் குஞ்சுக்கு இரையான பூச்சிகள் குறைந்ததும், கூடு கட்ட இடமில்லாமல் போனதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

ஓட்டு வீட்டின் இறவாணத்தில் கூடு கட்டிய குருவி, வழவழப்பான அடுக்குமாடிச் சுவரில் எங்கே கட்டும்? தாம்பரத்திலும் செம்பாக்கத்திலும் பழைய வீடு இருந்த மனையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கதிர்வீச்சைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2011-ல் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னது. 2012 செப்டம்பர் முதல், கோபுரங்களின் கதிர்வீச்சு உலக அளவில் அனுமதிக்கப்பட்ட வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கலாம் என்று விதி வந்தது. படம் வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே வந்த விதி இது.

பறவைகளுக்கு உண்மையில் நேர்ந்தது என்ன என்று அறியப் பள்ளிக்கரணைக்குப் போனால் போதும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்துகிடந்ததாகக் கணக்கிடப்படும் சதுப்பு நிலம் அது. வீடும், ரோடும், அலுவலகக் கட்டிடங்களும் நாலாபுறமும் நெருங்கின. பெருங்குடிப் பக்கம் நகரத்துக் குப்பை மலையாகக் குவிந்தது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இன்னமும் அங்கே பூநாரையும் கூழைக்கடாவும் வருகின்றன. அவற்றின் இடத்தைத் தின்றது கண்ணுக்குத் தெரியாத அலை அல்ல. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மண்ணும் குப்பையும்.

பறவையின் இடத்தைத் தின்றால் மனிதன் தப்பிவிடுவானா? 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தத்தளித்தன. நீர் நிற்க வேண்டிய இடத்தில் வீடு நின்றால், வீட்டுக்குள் நீர் வந்து நிற்கும். இது எந்த விஞ்ஞானியும் சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

செல்போன் போட்ட சோறு

மற்றொரு கணக்கும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா செல்போன் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. அவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டபோது அவர்கள் பட்ட பாடு எந்தப் படத்திலும் வரவில்லை. பின்னர் வேறு கம்பெனிகள் வந்து, அந்த வட்டாரத்தில் மறுபடியும் செல்போன்கள் தயாராகின்றன. செல்போனைப் பேயாக்கிப் பறக்கவிடும்போது, அதைப் பூட்டிச் சேர்த்த கைகளும் ஞாபகத்துக்கு வர வேண்டும். பட்சிராஜன் கோபத்தில் அந்தக் கைகளுக்கு இடமில்லை.

தீர்ப்பு

ஆக, எந்தப் படம் மேல்?

கண்ணுக்கு விருந்து என்றால் '2.0'. இரக்கத்தில் குறைவில்லை, எண்ணமும் நல்லெண்ணமே. ஆனால் அது குற்றவாளியை மாற்றிப் பிடித்துவிட்டது. பறவைக்காக அழ வைத்துவிட்டு, பழியைக் கம்பத்தின் மேல் போட்டது. படம் பார்த்தவர் செல்போனை ஒருதரம் முறைத்துவிட்டு, ஏரிக்கரை மனைக்கு முன்பணம் கொடுக்கப் போகலாம். அவர் மனம் உறுத்தாது.

'எந்திரன்' அப்படி யாரையும் தப்பவிடவில்லை. யந்திரத்தை ராணுவத்துக்கென்று செய்தவர் மனிதர். அதற்குக் காதலையும் கோபத்தையும் ஊட்டியவர் அவரே. கோபத்தில் வெட்டிக் குப்பை மேட்டில் போட வைத்தவரும் அவரே. அங்கிருந்து எடுத்து அழிவுக்குத் திருப்பியவர் இன்னொரு மனிதர். கடைசியில் கோர்ட்டு உத்தரவுக்குப் பணிந்து தன்னைத் தானே கழற்றிக்கொள்வது யந்திரம்! குற்றம் யார் மேல் என்பதைப் படம் பார்த்த சிறுவனும் சொல்லிவிடுவான்.

ஆகவே 'எந்திரன்' படத்துக்கே முதலிடம். எட்டு ஆண்டு பின்னால் வந்த படம் பணத்தில் பெரிது. முன்னால் வந்தது பொறுப்பில் பெரிது. குரோம்பேட்டையில் படித்த எழுத்தாளரின் கணக்கு, பதினைந்து ஆண்டு கழித்தும் பிசகாமல் நிற்கிறது.

ஆனால் பட்சிராஜனை அடியோடு மறந்துவிடவும் கூடாது. அவர் கேட்ட கேள்வி சரி. காட்டிய விரல்தான் தவறு. தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியாகிவிட்டது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. அவற்றின் ஏரிகளைக் காக்கும் கடமையும் ஒரே கைக்கு நெருங்கி வந்திருக்கிறது. அந்த விரலைக் கோபுரத்திலிருந்து கொஞ்சம் கீழே இறக்கி, மண் லாரி போகும் திசையில் காட்டினால், பறவைகளும் பிழைக்கும். அடுத்த மழையில் மனிதர்களும் பிழைப்பார்கள்.