மறுப்புக்கும் மதிப்பெண் வேண்டும்

நம் கல்லூரி வினாத்தாள்களில் ‘விளக்குக’, ‘விவரி’ என்பவையே மிகுதி. கைடை மனப்பாடம் செய்தால் போதும், பத்து மதிப்பெண் வினாவைத் தாண்டிவிடலாம். அங்கே வாதிட வேண்டிய தேவையே இல்லை. இத்தனைக்கும் வாதிடக் கற்பது நமக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் என்ற சைவ நூலின் பரபக்கம் என்ற பகுதி லோகாயதர், பௌத்தர், சமணர் கொள்கைகளை எடுத்துரைத்து, பிறகே மறுக்கிறது. தன் கட்சியை நிறுவுவது சுபக்கம் என்ற அடுத்த பகுதியில்தான். (எதிராளியை அவர் நியாயமாகக் காட்டினாரா என்பதே நல்ல தேர்வு வினா.) நிரம்பி வழியும் வகுப்பில் இப்படி வாதிடக் கற்பிப்பது நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஆனால் தனிப் பாடம் வேண்டியதில்லை, வினாவை மாற்றினால் போதும். ‘பணமதிப்பிழப்பின் விளைவுகளை விளக்குக’ என்பதை விட்டுவிட்டு, 2016இல் செல்லாததான நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கி சொன்னது யாருடைய வாதத்துக்கு வலு, ஏன் என்று கேட்கலாம். அதற்கு விடை கைடில் இருக்காது.