காலாவதி தேதி இல்லாத மருந்து உள்ளே வரக்கூடாது!

மூலக்குளத்தில் ஒரு மருந்துக்கடைக்கு கல்லூரி மாணவி ஒருத்தி ஜாவாவில் பில் புரோகிராம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'மருந்து' கிளாஸில் பெயர், விலை, காலாவதி தேதி மூன்றும் உண்டு. கன்ஸ்ட்ரக்டர் எழுதாவிட்டால் ஜாவாவே காலியான ஒன்றைக் கொடுத்துவிடும். தேதி போட மறந்தாலும் மருந்து பட்டியலில் ஏறிவிடும். ஆபத்து அங்கேதான்!

மூன்றையும் கேட்டு வாங்கும் கன்ஸ்ட்ரக்டரை அவளே எழுதினால், அந்தக் காலி கன்ஸ்ட்ரக்டர் கிடைக்காது. தேதி தராமல் 'நியூ' போட்டால் கம்பைலரே தடுத்துவிடும்.

ஆனால், போன வருஷத் தேதியைக் கொடுத்தால்? கம்பைலருக்கு அதுவும் தேதிதான், விட்டுவிடும். சரிபார்க்கும் வரியையும் கன்ஸ்ட்ரக்டருக்குள் எழுத வேண்டும். 1979-ல் பியார்னே ஸ்ட்ரவுஸ்ட்ரப் தொடங்கிய சி பிளஸ் பிளஸிலும் இதே வேலைக்குத்தான் கன்ஸ்ட்ரக்டர்: பொருள் பிறக்கும்போதே முழுசாகப் பிறக்க வேண்டும்.