மிஷின் ஃப்ரீ, மத்ததெல்லாம் காசு

"மிஷின் ஃப்ரீ சார், வாடகை கிடையாது. ஒரு கையெழுத்துப் போட்டா போதும்." வேலூர் பக்கம் அணைக்கட்டு ஊரில் பெல்ட்டும் பர்ஸும் தைத்து விற்கிற என் கடை வாசலில் பைக்கை நிறுத்துகிற ஒவ்வொருத்தரும் சொல்கிற வசனம் இது. ஆள் மாறுவார், கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறம் மாறும், வசனம் மட்டும் மாறாது.

ஸ்வைப்பிங் மிஷின் வேண்டாம் என்பவன் இல்லை நான். உள்ளூர்க்காரர் ஜிபேயில் போட்டுவிடுவார். பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வருகிறவர் ரொக்கமாகவே கொடுத்துவிடுவார். ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வருகிற ஆந்திராக்காரர்கள், சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பங்கள், தீபாவளிக்கு ஊழியர்களுக்கென்று மொத்தமாகப் பர்ஸ் எடுக்கிற கம்பெனிகள், இவர்கள்தான் "கிரெடிட் கார்டு எடுப்பீங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லையென்று சொன்னால் வண்டி நேராக ஆம்பூருக்குப் போய்விடும்.

சரி, எவ்வளவு பிடிப்பீங்க என்று கேட்கிறேன். "ஒண்ணு புள்ளி எட்டு சார்." எல்லாக் கார்டுக்குமா? "ஆமா சார்... ப்ரீமியம் கார்டுன்னா கொஞ்சம் கூட வரும்." கொஞ்சம்னா எவ்வளவு? "அது சிஸ்டமே போட்டுக்கும் சார்." கம்பெனி பெயரில் இருக்கிற கார்டு? வெளிநாட்டுக் கார்டு? அதற்கு மேல் மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறாராம். இந்தப் பிடித்தத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்.

2 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 40,000 ரூபாய் ஆர்டருக்கு 800 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. 144, ஆக 944 போய்விடும். அந்த 144-ஐ முறையாகக் கணக்கு வைக்கிற கடைக்காரர் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறவருக்கு அதுவும் கிடையாது. இன்னொரு கூத்தும் இருக்கிறது. பில் தொகையில் அரசுக்கு நான் கட்டப்போகிற வரியும் அடக்கம். அந்த வரிப் பணத்துக்கும் சேர்த்துத்தான் சதவீதம் பிடிக்கிறார்கள். சர்க்காருக்கு வசூல் பண்ணிக் கொடுக்கிறவன் நான், அதற்குக் கூலி கொடுக்கிறவனும் நானே.

'ஃப்ரீ' மிஷினின் லட்சணம் போகப் போகத்தான் தெரியும். மாதம் இவ்வளவு ரூபாய்க்குக் கார்டு ஓடவில்லை என்றால் வாடகை உண்டு என்பது ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு மூலையில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். ஆடி மாதத்தில் அணைக்கட்டில் கார்டு எங்கே ஓடும்? அன்றைக்கே பணம் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். சரி, மிஷினே வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று போன் போட்டால், கொண்டுவந்து வைத்த தம்பி வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருப்பார். வாடகை மட்டும் தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும்.

டெபிட் கார்டுக்காவது ஒரு வரம்பு இருக்கிறது. 2018 ஜனவரி முதல், வருட விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்கிற கடையில் மிஷினில் தேய்த்தால் 0.40 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து ரூபே டெபிட் கார்டுக்கும் யூ.பி.ஐ.க்கும் பிடித்தமே இல்லை. கிரெடிட் கார்டுக்கு மட்டும் உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். வேலூரில் பெரிய ஷோரூம் வைத்திருக்கிறவர் பேசுவார், குறைப்பார்கள். நான் பேசினால் "இதுதான் சார் லாஸ்ட்" என்கிறார்கள்.

ஸ்கேன் பண்ணுவதிலும் இப்போது கிரெடிட் கார்டு புகுந்துவிட்டது. ரூபே கிரெடிட் கார்டை யூ.பி.ஐ.யில் இணைத்துக்கொண்டு வாடிக்கையாளர் கடையில் வைத்திருக்கிற அதே க்யூ.ஆர். அட்டையைத்தான் ஸ்கேன் பண்ணுகிறார். சின்னக் கடைக்கு 2,000 ரூபாய் வரைக்கும் பிடித்தம் இல்லை, அதைத் தாண்டினால் உண்டு. சவுண்ட் பாக்ஸ் முழுத் தொகையைக் கணீரென்று அறிவிக்கும், மறுநாள் கணக்கில் குறைந்து வரும். வாடிக்கையாளர் எந்தக் கணக்கிலிருந்து போட்டார் என்று நான் எங்கே போய்க் கேட்பது?

சரி, பேர்பெற்ற கம்பெனியாகப் பார்த்து நிம்மதியாக இருப்போம் என்றால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. 2024 ஜனவரி 31-ஆம் தேதி பேடிஎம் பேமெண்ட்ஸ் பேங்க் மேல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டதும், அங்கே கணக்கு வைத்திருந்த கடைக்காரர்கள் மார்ச் பாதிக்குள் வேறு வங்கிக்கு ஓட வேண்டியதாகிவிட்டது.

நாங்கள் பேரத்துக்குப் புதிதில்லை. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் தோல் எடுக்கப் போனால் ஒவ்வொரு தோலின் பின்பக்கத்திலும் இத்தனை சதுர அடி என்று போட்டிருக்கும். சந்தேகம் வந்தால், "அளந்து பாருங்க பாய்" என்று சொல்லலாம், அங்கேயே அளந்து காட்டுவார். சதுர அடிக்கு என்ன ரேட் என்பதில்தான் சண்டையே. இந்த மிஷின்காரர்களிடம் சண்டை போடக்கூட ஒரு ரேட் கைக்கு வர மாட்டேன் என்கிறது. மூன்று கம்பெனிக்காரர் வந்தால் மூன்று விதமான கணக்கு. ஒருத்தர் வாடகையை விட்டுச் சொல்வார், ஒருத்தர் ஜி.எஸ்.டி.யை விட்டுச் சொல்வார், இன்னொருத்தர் டெபிட் கார்டு ரேட்டைச் சொல்லிவிட்டுக் கிரெடிட் கார்டு பேச்சையே எடுக்க மாட்டார். எதை எதோடு ஒப்பிடுவது?

இப்போதெல்லாம் வருகிறவரிடம் ஒரு தாளை நீட்டி, எந்தக் கார்டுக்கு எவ்வளவு, வாடகை எவ்வளவு, பணம் எப்போது வரும், மிஷினைத் திருப்பிக் கொடுத்தால் என்ன பிடிப்பீர்கள், இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறேன். "மெயில் அனுப்பிடறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மெயில் வந்தபாடில்லை.

சிறு தொழிலுக்குக் கடன் வாங்கப் போனால், வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் ஒரு விவரத்தாள் கொடுத்தாக வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியே விதி வைத்திருக்கிறது. அதே மாதிரி ஒரு தாளை இந்த மிஷினோடும் தமிழில் கொடுக்கச் சொன்னால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?