ஒரே சார்ஜர் என்பது பெயரளவில்தானா?

மேஜை இழுப்பறையைத் திறந்தால் பழைய சார்ஜர்கள் சிக்கிக் கிடக்காத வீடு அரிது. நோக்கியாவின் சின்ன பின், மைக்ரோ யுஎஸ்பி, ஆப்பிளின் லைட்னிங் என ஒவ்வொன்றும் காசு கொடுத்து வாங்கியவை. எறியவும் மனம் வருவதில்லை, பயன்படுத்தவும் வழியில்லை.

இதற்கு முடிவு காண 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொழில்துறையினரை அழைத்துப் பேசியது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த கூட்டத்தில், ஸ்மார்ட்போன், டேப்லெட், மடிக்கணினி ஆகியவற்றுக்கு யுஎஸ்பி டைப்-சி என்பதில் கருத்தொற்றுமை ஏற்பட்டது. 2023 ஜனவரியில் இந்திய தர நிர்ணய அமைவனம் அதற்கான தரநிலையையும் வெளியிட்டது. தரநிலை வெளியிடுவது வேறு, அதைச் சட்டப்படி கட்டாயமாக்குவது வேறு.

ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் இயற்றி, 2024 டிசம்பர் 28 முதல் செல்போன்களுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. 2012 முதல் லைட்னிங்கை விடாப்பிடியாகப் பற்றி நின்ற ஆப்பிள், 2023-இல் ஐபோன் 15 மூலம் டைப்-சிக்கு மாறியது. அந்த மாற்றத்துக்கு வித்திட்டது பிரஸ்ஸல்ஸே தவிர தில்லி அல்ல.

இனி எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. செருகும் துளை ஒன்றாகிவிட்டது. மின்சாரம் ஏறும் முறை ஒன்றாகவில்லை. நம் சந்தையில் விற்கும் ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் அதிவேக சார்ஜிங் என்பது அந்தந்த நிறுவனத்தின் சொந்த ஏற்பாடு. சொந்த சார்ஜரில் அரை மணி நேரத்தில் நிறையும் பேட்டரி, வேறு நிறுவனத்தின் சார்ஜரில் மணிக்கணக்கில் ஊர்கிறது. பின் பொருந்துவதால் வாங்கிவிட்டு ஏமாறுபவர்தான் அதிகம். விளைவு, மீண்டும் ஒரு சார்ஜர், மீண்டும் மின்னணுக் கழிவு.

ஐரோப்பியச் சட்டம் இதையும் கவனத்தில் கொண்டுள்ளது. 15 வாட்டுக்கு மேல் சார்ஜ் ஆகும் கருவி, யுஎஸ்பி பவர் டெலிவரி என்ற பொது முறையையும் ஏற்க வேண்டும். நிறுவனம் தன் சொந்த முறையை வைத்துக்கொள்ளலாம். ஆனால், அது பொது முறையை முடக்கக் கூடாது. எத்தனை வாட் தேவை, பெட்டிக்குள் சார்ஜர் உண்டா என்பதையும் வெளியே அச்சிட வேண்டும். இந்திய அரசு பிறப்பிக்கும் ஆணையில் இவை இடம்பெறாவிட்டால், அந்த ஆணையால் பெரும் பயன் விளையாது.

பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிடும் வழக்கம் 2020-இல் ஐபோன் 12-உடன் தொடங்கியது. சுற்றுச்சூழல் அக்கறை என்றார்கள். அதன் பலன் விலைக் குறைப்பாக வாங்குவோரை வந்தடைந்ததா என்று கேட்க வேண்டிய பொறுப்பும் நுகர்வோர் விவகாரத் துறைக்கு உண்டு. பட்டன் போன் வைத்திருக்கும் ஏழை எளியவரை மறப்பதும் நியாயமல்ல. டைப்-சியால் அந்த போன்களின் விலை உயருமானால், அவற்றுக்குப் போதிய கால அவகாசம் தரலாம்.

அடுத்து, துளையே இல்லாத போன் வரக்கூடும் என்ற பேச்சு நெடுநாளாக அடிபடுகிறது. ஐரோப்பாவின் டைப்-சி விதி, கம்பி வழியாக சார்ஜ் ஆகும் கருவிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். கம்பியில்லா சார்ஜிங்கிலும் ஆளுக்கொரு முறை முளைப்பதற்கு முன், அதற்கான பொதுத் தரத்தையும் இதே ஆணையில் தில்லி சேர்த்துவிடலாம்.